அணாவும் நயா பைசாவும்: ஒரு சுண்டல் கடையின் கணக்கு

நாணயத்தின் வரலாறு என்றவுடன் மன்னர்களின் பொற்காசுகளே பலருக்கு நினைவுக்கு வரும். எனக்கோ மந்தார இலைத் தொன்னையும் மோர்க் குவளையுமே நினைவுக்கு வருகின்றன.

ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. ஓர் அணாவுக்கு நான்கு காலணா, அதாவது பன்னிரண்டு தம்பிடி. இவ்வாய்பாட்டைத்தான் எங்கள் தலைமுறை திண்ணையிலும் வகுப்பிலும் ஒப்பித்து வளர்ந்தது. 1955 ஆம் ஆண்டு நாணயச் சட்டம் திருத்தப்பெற்று, 1957 ஏப்ரல் முதல் நாளன்று ரூபாய் நூறு நயா பைசாக்களாகப் பகுக்கப்பட்டது. ஆயினும் பழைய காசுகள் அன்றே மறைந்துவிடவில்லை. இரண்டு வகையும் ஒரே பையில் சில ஆண்டுகள் குலுங்கின. பழைய ஒரணாவுக்கும் வளைவு விளிம்பு. புதிய பத்து நயா பைசாவுக்கும் வளைவு விளிம்பு! கண் மங்கிய முதியோர் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது.

நூற்றைப் பதினாறால் வகுத்தால் ஆறேகால் வரும். கால் நயா பைசாவுக்குக் காசு ஏது? ஆகவே அரசாங்கம் ஒரு மாற்றுப் பட்டியல் வெளியிட்டது. அரைக்கு மேற்பட்ட பின்னம் ஒன்றாகக் கொள்ளப்படும். அரையோ அதற்குக் குறைந்ததோ விடப்படும். அதன்படி காலணா 2 நயா பைசா, அரையணா 3, ஓரணா 6, ஈரணா 12, மூன்றணா 19, நாலணா 25. இப்பட்டியலைப் பார்த்தவுடன் ஒரு குறும்பு புலப்படும். ஓரணாப் பண்டத்தை ஒவ்வொன்றாக நான்கு முறை வாங்கினால் 24. நான்கையும் சேர்த்து வாங்கினால் 25!

அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் எங்கள் உயர்நிலைப் பள்ளியில் பொருட்காட்சி நடந்தது. மாணவர்களே நடத்தும் சிற்றுண்டிக் கடை ஒன்றும் வைத்தோம். ஓரணாவுக்கு ஒரு தொன்னைச் சுண்டல். காலணாவுக்கு ஒரு குவளை நீர்மோர். சுண்டலுக்கு நான், மோருக்கு என் வகுப்புத் தோழன். இருவருக்கும் தனித்தனி உண்டிப் பெட்டி. கூட்டம் மிகுதியாகையால் ஆளுக்கு ஒன்று என்பது விதி. பழைய காசு தந்தவருக்குப் பழைய காசிலும், புதிய காசு தந்தவருக்குப் புதிய காசிலும் மீதி கொடுப்பது என்பது எங்கள் ஏற்பாடு.

மாலையில் கணக்குப் பார்த்த ஆசிரியர் முகம் சிவந்தது. செலவான தொன்னை 320. ஆகவே இருபது ரூபாய் இருக்க வேண்டும். இருந்தது 19 ரூபாய் 60 நயா பைசா. மோர் 256 குவளை. நான்கு ரூபாய் இருக்க வேண்டிய இடத்தில் 4 ரூபாய் 56 நயா பைசா இருந்தது. "ஒருவன் திருடியிருக்கிறான், மற்றவன் ஊரை ஏமாற்றியிருக்கிறான்" என்று எல்லோர் முன்னிலும் கூறிவிட்டார். என் தோழன் ஒன்றும் பேசவில்லை. நான் அழுதேன் என்பதை இன்று ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. அதைவிட வெட்கப்பட வேண்டிய ஒன்றும் உண்டு: ஒரு கணம் அவன்தான் என் பெட்டியிலிருந்து எடுத்துத் தன் பெட்டியில் போட்டிருப்பானோ என்று நானும் எண்ணினேன்.

வழி கண்டவன் அவனே. என் பெட்டியைப் பாயில் கொட்டிப் பழையதையும் புதியதையும் இரு குவியலாகப் பிரித்தான். பழைய குவியல் சரியாகப் பத்து ரூபாய். அதாவது 160 அணா. புதிய குவியல் 960 நயா பைசா. ஆறால் வகுத்தால் அதுவும் 160. இரண்டும் சேர்ந்து 320 தொன்னை! ஒரு தொன்னைக்குக் கால் நயா பைசா வீதம் 160 தொன்னைக்கு நாற்பது கரைந்திருந்தது. அவனுடைய பெட்டியிலும் அப்படியே: பழையதில் இரண்டு ரூபாய், 128 காலணா, புதியதில் 256 நயா பைசா, 128 குவளை. காலணாவின் உண்மை மதிப்பு ஒன்றரைக்குச் சற்று மேல். பட்டியலோ அதை இரண்டாக்கிவிட்டது. மோர் குடித்தவர் இழந்ததைத்தான் பெட்டி பெற்றிருந்தது. மிகச் சிறிய காசைக் கையாளும் ஏழை எளியவரிடமே இப்பின்னம் மிகுதியாகப் பிடுங்கியது என்பது என் கருத்து.

"நயா" என்ற அடைமொழி 1964 ஜூன் முதல் நாளன்று கைவிடப்பட்டது. இருபத்தைந்து பைசாவை மக்கள் நாலணா என்றே நெடுங்காலம் அழைத்தனர். 2011 ஜூன் இறுதியோடு அக்காசும் செல்லாததாயிற்று.

ஆசிரியர் குவியல்களை இருமுறை எண்ணிப் பார்த்தார். பின்னர்ச் சிவப்பு மையால் எழுதியதை அடித்துவிட்டு, "சுண்டலில் குறைவு 40, மோரில் மிகை 56, நிகர மிகை 16 நயா பைசா, காரணம் மாற்றுப் பட்டியல்" என்று எழுதிக் கையெழுத்திட்டார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. மறுநாள் காலையில் பலகையில் மோரின் விலையை மட்டும் தம் கையாலேயே அழித்து, "இரண்டு குவளை 3 நயா பைசா" என்று மாற்றி எழுதினார்.