மறுக்கப்பட்ட வழி: நீர், நுளம்பு, காற்று ஆகியவற்றின் ஊடாக ஸ்காபரோவின் தொற்று வரலாறு

2003 மார்ச் 7ஆம் திகதி மாலை, காய்ச்சலும் இருமலும் மூச்சுத்திணறலுமாக ஒருவர் கனடாவின் ரொறன்ரோவில் உள்ள ஸ்காபரோ கிரேஸ் வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தார். இரண்டு நாள்களுக்கு முன்னர்தான் அவருடைய தாயார் வீட்டில் காலமாகியிருந்தார். தாயார் பெப்ரவரியில் ஹொங்கொங் சென்று மெட்ரோபோல் ஹொட்டலில் தங்கித் திரும்பியவர். தென்சீனாவின் குவாங்டொங் மாகாணத்திலிருந்து நோயோடு வந்த ஒரு வைத்தியரும் அந்த ஹொட்டலில்தான் தங்கியிருந்தார். இந்தச் சங்கிலி அன்றிரவு ஸ்காபரோவில் யாருக்கும் தெரியாது.

வார்டில் கட்டில் கிடைக்காததால், மகன் அன்றிரவு அவசரப் பிரிவிலேயே, திரைச்சீலை மட்டுமே மறைப்பாக இருக்க, மற்ற நோயாளர்களின் நடுவில் படுத்திருந்தார். மூச்சுக்கு ஒக்சிசன் கொடுத்தார்கள். நெபுலைசரில் மருந்தும் கொடுத்தார்கள். நெபுலைசர் மருந்தை நுண்துளிப் புகையாக்கி நுரையீரலுக்குள் அனுப்பும். நோயாளி வெளிவிடும் மூச்சு அந்தப் புகையோடு கலந்து அறை முழுவதும் பரவும். வேறு நோய்களுக்காக அன்றிரவு அங்கே இருந்த இரண்டு பேருக்குத் தொற்று ஏற்பட்டது. அவர்கள் வீடு போய், சில நாள்களில் சுகமில்லாமல் மீண்டும் வைத்தியசாலைக்கே வந்தார்கள். அவர்களிடமிருந்து குடும்பத்தாருக்கும் தாதியருக்கும், பின்னர் வேறு வைத்தியசாலைகளுக்கும் சார்ஸ் என்ற அந்தச் சுவாசநோய் பரவியது.

அந்த மகனைக் கடைசியில் தனி அறைக்கு மாற்றியதற்குக் காரணம், அது காசநோயாக இருக்கலாமோ என்று எழுந்த ஐயம். காற்றினால் பரவுகிறது என்று அக்கால வைத்தியம் தயக்கமின்றி ஒப்புக்கொண்ட மிகச்சில நோய்களுள் காசநோயும் ஒன்று. மார்ச் 13ஆம் திகதி அவர் இறந்தார்.

அதே மார்ச் 7ஆம் திகதி, அதே மெட்ரோபோல் ஹொட்டலில் தங்கித் திரும்பிய இன்னொருவர் வான்கூவர் பொது வைத்தியசாலைக்குப் போனார். அங்கே அவரைச் சில நிமிடங்களில் தனிமைப்படுத்தினார்கள். அவரிடமிருந்து அங்கே நோய் பரவவில்லை. ஒரே நாள், ஒரே தோற்றுவாய், ஒரே நாட்டின் இரண்டு நகரங்கள். இந்த வேறுபாட்டில் தற்செயலுக்கும் பங்கு உண்டு. ஆனால் நீர்வழியையும் பூச்சிவழியையும் கண்டுபிடித்து வென்ற அதே பொதுச் சுகாதாரம், காற்றுவழியை நெடுங்காலம் ஒதுக்கி வைத்திருந்தது என்பதும் ஒரு காரணம். அந்த ஒதுக்கலின் விலையை ஸ்காபரோ இரண்டு முறை கொடுத்திருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பின்னோக்கிப் போனால் 1910 ஒரு திருப்புமுனை ஆண்டு. அதற்கு முன்பே பெரிய கண்டுபிடிப்புகள் நிகழ்ந்துவிட்டன. 1854இல் லண்டனில் ஜோன் ஸ்னோ கொலராவுக்கும் குடிநீர்க் குழாய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டினார். 1884இல் ரொபேர்ட் கோக் கல்கத்தாவின் குளங்களில் கொலராக் கிருமியைக் கண்டார். 1897இல் செகந்தராபாத்தில் ரொனால்ட் ரொஸ் நுளம்பின் வயிற்றில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். 1910இல் ரொறன்ரோ நகரம் ஒன்ராறியோ ஏரியிலிருந்து எடுக்கும் குடிநீருக்குக் குளோரின் கலக்கத் தொடங்கியது. அதே ஆண்டில் சாள்ஸ் ஹேஸ்டிங்ஸ் நகரத்தின் சுகாதார வைத்திய அதிகாரியானார். சொந்த மகளை நெருப்புக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவர் அவர். அவருடைய பதவிக்காலத்தில் தூய நீரும் பாஸ்டராக்கப்பட்ட பாலும் நகரத்தின் சட்டமாயின; சில ஆண்டுகளிலேயே நெருப்புக் காய்ச்சல் மரணங்கள் மிகச் சிறு எண்ணிக்கைக்கு இறங்கின. ஸ்காபரோ அப்போது வயல்களும் பண்ணைகளுமாக இருந்தது. பின்னர் 1941இல் அதன் மேற்கெல்லையான விக்டோரியா பார்க் வீதி ஏரியைத் தொடும் இடத்தில் ஆர். சி. ஹரிஸ் நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் திறக்கப்பட்டது. பளிங்கும் வளைவுகளுமாக அரண்மனையைப் போல எழுப்பப்பட்ட அந்தக் கட்டடத்தைப் பார்த்தால், நீரை வென்றதில் ஒரு தலைமுறைக்கு எவ்வளவு பெருமிதம் இருந்தது என்பது விளங்கும்.

அதே 1910இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் சாள்ஸ் சேப்பின் தொற்றின் தோற்றுவாய்களையும் வழிகளையும் பற்றிய தமது பெரும் நூலை வெளியிட்டார். தொடுகையும் அருகில் தெறிக்கும் எச்சில் துளியும்தான் முக்கியம், காற்று ஏறக்குறையப் பொருட்படுத்தத் தக்கதல்ல என்பது அவருடைய முடிவு. தீய காற்றால் நோய் வருகிறது என்ற பழைய நம்பிக்கை அப்போதுதான் ஒழிந்துகொண்டிருந்தது. காற்றிலும் கிருமி உண்டு என்றால் மக்கள் தொடுகைத் தொற்றைத் தவிர்க்க முயலமாட்டார்கள் என்று அவர் அஞ்சினார். நியாயமான அச்சம்தான். ஆனால் அந்த அச்சம் நாளடைவில் அறிவியல் உண்மை என்ற தகுதியைப் பெற்றுவிட்டது.

ஈழத்திலிருந்து ஸ்காபரோவுக்கு வந்த எங்கள் தமிழ்ச் சமூகத்தின் நோயறிவும் இதே திசையில் வளர்ந்ததுதான். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல் நிலத்தில் மலக்குழிக் கழிவு கிணற்றுக்குள் ஊறும். நெருப்புக் காய்ச்சலும் செங்கண்மாரியும் வரும். எனவே கொதித்தாறிய தண்ணீர் வீட்டு ஒழுக்கமாயிற்று. மலேரியா 1934-35இல் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேரைக் கொன்றது. டிடிடி தெளிப்பால் 1963இல் நாடு முழுவதிலும் 17 பேருக்கே மலேரியா என்ற நிலை வந்தது. தெளிப்புத் தளர்ந்ததும் மீண்டும் பெருகியது. போர்க்காலத்தில் வன்னி அதன் பிடியில் கிடந்தது. 2016 செப்டெம்பரில்தான் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. தண்ணீருக்கும் நுளம்புக்கும் பயப்படக் கற்றுக்கொண்டு வந்த மக்கள், அவ்விரண்டும் பெரும்பாலும் அடக்கப்பட்டுவிட்ட ஒரு குளிர்நாட்டில், யன்னல் திறக்காத பேஸ்மென்ட் அறைகளில் குடியேறினார்கள். ஊரில் திண்ணையில் பிடித்த சுருட்டின் புகை நொடியில் கலைந்துவிடும். அதே புகை பேஸ்மென்டில் மணிக்கணக்காக நிற்கும். மூச்சில் வரும் நுண்துளிகளும் அவ்வாறே.

காற்றுவழிக்கான சான்று இல்லாமல் இல்லை. 1934இல் வில்லியம் வெல்ஸ் என்ற பொறியியலாளர் பெரிய துளிகள் நிலத்தில் விழுகின்றன, சிறியவை வழியிலேயே உலர்ந்து மிதக்கின்றன என்று கணக்கிட்டுக் காட்டினார். 1950களின் பிற்பகுதியில் அவரும் ரிச்சர்ட் ரைலியும் பால்டிமோரில் ஒரு பரிசோதனை நடத்தினார்கள். காசநோயாளர்கள் இருந்த ஆறு அறைகளின் காற்றைக் குழாய்வழியே மேலே இருந்த கினிப் பன்றிகளின் கூண்டறைக்குச் செலுத்தினார்கள். நோயாளிக்கும் விலங்குக்கும் இடையே காற்றைத் தவிர வேறு தொடர்பு இல்லை. விலங்குகளுக்குக் காசம் தொற்றியது. புறஊதாக் கதிர் பாய்ச்சிய காற்றைச் சுவாசித்த மற்றொரு கூட்டம் தப்பியது.

ஏறத்தாழ அதே காலத்தில் சென்னையில் 1956இல் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம், நெருக்கமான வீடுகளிலேயே மருந்து கொடுக்கப்பட்டவர்களையும் சானற்றோரியத்தில் வைத்துப் பராமரிக்கப்பட்டவர்களையும் ஒப்பிட்டது. வீட்டில் வைத்துப் பார்த்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்து ஏற்படவில்லை என்று 1959 தொடக்கம் வெளியான முடிவுகள் காட்டின. வீட்டாருக்குத் தொற்று பெரும்பாலும் நோய் கண்டறியப்படும் முன்பே நிகழ்ந்துவிடுகிறது. கிரேஸ் வைத்தியசாலையின் அந்த முதல் இரவுக்கும் இது பொருந்தும்: ஆபத்து நோய் கண்டறியப்படாத நோயாளியிடம்தான் இருந்தது.

ஆயினும் இந்தச் சான்றுகள் காசநோய்க்குள்ளேயே அடைக்கப்பட்டன. காசக்கிருமி நுரையீரலின் ஆழத்துக்குச் செல்லத் தேவையான ஐந்து மைக்ரோன் என்ற அளவு, காலப்போக்கில் மிதக்கும் துளிக்கும் விழும் துளிக்கும் உரிய எல்லையாகப் பாடநூல்களில் தவறாகப் பதிந்தது. வெல்ஸ் சொன்ன எல்லை அதைவிடப் பல மடங்கு பெரியது. இந்தக் குழப்பத்தை ஆய்வாளர்கள் விரிவாக வெளிப்படுத்தியது 2021இல்தான்.

முதல் விலையான சார்ஸ் ஒன்ராறியோ மாகாணத்தில் 375 பேரைப் பாதித்து 44 பேரைப் பலிகொண்டது. இரண்டு தாதியரும் ஒரு வைத்தியரும் அதில் அடங்குவர். பாதிக்கப்பட்டவர்களில் 72 சதவீதத்தினருக்கு வைத்தியசாலை போன்ற சிகிச்சையிடங்களிலேயே தொற்று ஏற்பட்டது. 23,000க்கும் மேற்பட்டோர் வீடுகளில் தனிமைப்படுத்தப்பட்டனர். முதல் அலை ஓய்ந்துவிட்டது என்று கருதப்பட்ட மே மாதத்தில், நோர்த் யோர்க் பொது வைத்தியசாலைத் தாதியர் சிலர் நோய் இன்னும் இருக்கிறது என்று எச்சரித்தார்கள். அவர்களின் சொல் எடுபடவில்லை. இரண்டாவது அலை வந்தது. நீதியரசர் ஆர்ச்சி காம்பெல் தலைமையிலான சார்ஸ் விசாரணை ஆணைக்குழு 2007 ஜனவரியில் இறுதி அறிக்கையை வெளியிட்டது. ஆபத்தைக் குறைக்கும் நியாயமான நடவடிக்கைக்கு முழுமையான அறிவியல் உறுதி வரும்வரை காத்திருக்கக் கூடாது என்பது அதன் மையக் கருத்து. இந்த நாட்டுப் பொதுச் சுகாதார ஆவணங்களில் இதைவிட மனிதநேயத்தோடு எழுதப்பட்டது வேறில்லை என்றே நான் கருதுகிறேன்.

இதற்கிடையே 2005 செப்டெம்பர் இறுதியில், நீல்சன் வீதியிலிருந்த நகரசபையின் செவன் ஓக்ஸ் முதியோர் இல்லத்தில் ஒரு மர்ம நிமோனியா பரவியது. சார்ஸ் திரும்பிவிட்டதோ என்று ஸ்காபரோ நடுங்கியது. ஆரம்பப் பரிசோதனைகள் எதையும் காட்டவில்லை. இறந்தோரின் நுரையீரல் மாதிரிகளை ஆராய்ந்த பிறகு, ஒக்டோபர் 6ஆம் திகதி, அது லீஜனேயர் நோய் என்று தெரிந்தது. குளிரூட்டும் கோபுரத்து நீரில் வளர்ந்த பற்றீரியா நுண்திவலையாகி, மூச்சுக்குள் போயிருந்தது. 23 முதியோர் இறந்தனர். நீர்நோயா, காற்றுநோயா என்று பிரிக்க முடியாத நோய் இது: வாழ்வது நீரில், கொல்வது காற்றின் வழியே.

பூச்சிவழி இங்கே இப்போதைக்குச் சிறியது. 2002இல் ஒன்ராறியோவில் மனிதரிடம் முதன்முதலாகக் காணப்பட்ட வெஸ்ட் நைல் வைரஸைக் கியூலெக்ஸ் நுளம்பு பரப்புகிறது. ஊரில் யானைக்கால் நோயைப் பரப்பும் நுளம்பும் இதே பேரினத்தைச் சேர்ந்ததுதான். அதற்காகக் கோடையில் வீதியோர வடிகால் குழிகளுக்குள் நகரசபை புழுக்கொல்லி இடுகிறது. ரூஜ் பள்ளத்தாக்கில் நடப்போர் லைம் நோயைத் தரும் உண்ணிகளுக்காகக் கால்களைச் சோதித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இரண்டாவது விலை கோவிட். 2020 மார்ச்சில் ஒன்ராறியோ தன் சுகாதாரப் பணியாளர்களுக்கான விதியைக் காற்றுவழித் தற்காப்பிலிருந்து துளி, தொடுகைத் தற்காப்புக்கு இறக்கியது. அம்மாத இறுதியில் உலக சுகாதார நிறுவனமும் கோவிட் காற்றுவழி நோயன்று என்று அறிவித்தது. காம்பெல் அறிக்கை வெளியாகிப் பதின்மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. ஜூலையில் லிடியா மொராவ்ஸ்கா, டொனால்ட் மில்டன் ஆகியோரோடு 237 அறிவியலாளர்கள் கையொப்பமிட்டுக் காற்றுவழியை ஏற்கும்படி கேட்டனர். அந்தக் குளிர்காலத்தில் ஸ்காபரோவின் ஒரு பராமரிப்பு இல்லத்தில் மட்டும் 70க்கும் மேற்பட்ட முதியோர் மாண்டார்கள். வீட்டிலிருந்து வேலை செய்ய முடியாத தொழிற்சாலைத் தொழிலாளரும் பராமரிப்புப் பணியாளரும் செறிந்து வாழும் எங்கள் அயல்கள் நகரத்தின் கடுமையான தொற்றிடங்களாயின. உலக சுகாதார நிறுவனம் 2021 ஏப்ரலில் காற்றுவழியை ஏற்றது. 2024 ஏப்ரலில் துளி, காற்று என்ற பழைய பிரிவினையையே கைவிட்டு, காற்றினூடாகப் பரவும் கிருமிகள் என்ற பொதுப் பெயரை முன்வைத்தது.

நீருக்கு நடந்தது வேறு: இதே மாகாணத்தின் வோக்கர்ட்டன் ஊரில் 2000 மே மாதம் மாசடைந்த குழாய்நீர் ஏழு பேரைக் கொன்று சுமார் 2,300 பேரை நோயில் தள்ளியபோது, ஒன்ராறியோ நீதி விசாரணை நடத்தி, 2002இல் பாதுகாப்பான குடிநீருக்கான சட்டத்தை நிறைவேற்றியது. தண்ணீரைச் சோதிப்பதும் முடிவைப் பகிரங்கப்படுத்துவதும் அதன் பிறகு கட்டாயக் கடமைகள். கட்டடங்களின் உட்காற்றுக்கோ 2023இல் அமெரிக்கப் பொறியியலாளர் சங்கமான ஆஷ்ரே, தொற்றைக் குறைக்க ஒருவருக்கு இவ்வளவு தூய காற்று வேண்டும் என்ற தரநிலையை வகுத்திருக்கிறது. அது பரிந்துரை மட்டுமே. ஸ்காபரோவின் பாடசாலைகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும், நாங்கள் நூற்றுக்கணக்கில் கூடும் திருமண மண்டபங்களுக்கும் அதைச் சட்டமாக்கும்படி மாகாண சபை உறுப்பினர்களிடம் எமது சமூக அமைப்புகள் இப்போதே கேட்க வேண்டும்.