கொமுட்டர் உத்தாரா: குருணில் ஏறினால் எங்கே போகலாம், எதைக் கவனிக்கணும்?

வீடு குருண் பக்கத்துத் தோட்டத்தில். வேலையோ படிப்போ சுங்கைப் பட்டாணியில். கையில் காரும் இல்லை, மோட்டார் சைக்கிளும் இல்லை. அப்படி என்றால் உங்களுக்கு உதவக்கூடியது, ஊர் நடுவிலேயே நிற்கும் ரயில்தான். ஆனால் 'அது கோலாலம்பூருக்குப் போற ரயில்தானே' என்று நினைத்து, பலர் அந்த நிலையத்தின் பக்கமே போவதில்லை. கொமுட்டர் உத்தாரா எனப்படும் வட வட்டார ரயில் சேவையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவை இதோ.

எந்த ஊர்களை இணைக்கிறது?

பட்டர்வொர்த்திலிருந்து பாடாங் பெசார் வரை ஏறக்குறைய 170 கிலோமீட்டர். பினாங்கு, கெடா, பெர்லிஸ் என மூன்று மாநிலங்களைத் தொடுகிறது. பட்டர்வொர்த், புக்கிட் தெங்ஙா, புக்கிட் மெர்தாஜம், தாசேக் குளுகோர், சுங்கைப் பட்டாணி, குருண், கோபா, அலோர் ஸ்டார், ஆனாக் புக்கிட், கோடியாங், ஆராவ், புக்கிட் கெத்ரி, பாடாங் பெசார் என மொத்தம் 13 நிலையங்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும்.

குருணுக்குத் தெற்கே அடுத்த நிறுத்தம் சுங்கைப் பட்டாணி. வடக்கே கோபா, அதைத் தாண்டினால் அலோர் ஸ்டார். இடையில் உள்ள பீடோங்கிலும் குவார் செம்பெடாக்கிலும் கொமுட்டர் நிற்காது. அந்த ஊர்க்காரர்கள் குருணுக்கோ சுங்கைப் பட்டாணிக்கோ வந்துதான் ஏற வேண்டும்.

இந்தப் பாதை எப்போது வந்தது?

கெடா 1909-இல் சயாமின் பிடியிலிருந்து பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் வந்தது. அதன் பிறகு, 1915-இல் அலோர் ஸ்டார் வரை தண்டவாளம் போடப்பட்டது. 1918-இல் அது பாடாங் பெசார் வரை நீண்டு தாய்லாந்துப் பாதையுடன் சேர்ந்தது. ரப்பர் தோட்டங்கள் பெருகிய காலம் அது. தண்டவாள வேலையிலும் தோட்ட வேலையிலும் உழைத்தவர்களில் தமிழர்கள் பெரும் பங்கினர். நம்ம தாத்தா பாட்டி கதைகளில் ரயில் வருவது சும்மா இல்லை.

பழைய ஒற்றைத் தண்டவாளத்தில், எதிரே வரும் ரயிலுக்கு வழிவிட இன்னொரு ரயில் காத்து நிற்க வேண்டும். அந்த நிலை மாற, ஈப்போவுக்கும் பாடாங் பெசாருக்கும் இடையே 329 கிலோமீட்டர் மின்சார இரட்டைத் தண்டவாளத் திட்டம் 2008-இல் தொடங்கியது. அது முடிந்த பிறகு, 2015-இல் கொமுட்டர் உத்தாரா ஓடத் தொடங்கியது.

கொமுட்டர், இடிஎஸ்: என்ன வித்தியாசம்?

இரண்டும் ஒரே தண்டவாளத்தில்தான் ஓடுகின்றன. இடிஎஸ் நெடுந்தூர ரயில். அதில் இருக்கை எண் உண்டு, முன்பதிவு தேவை, கட்டணமும் கூடுதல். கொமுட்டர் அக்கம்பக்கத்து ஊர்களுக்கானது. எல்லா நிலையங்களிலும் நிற்கும். இடம் கிடைத்த இடத்தில் உட்காரலாம். ஒன்றுக்கு வாங்கிய டிக்கெட்டில் மற்றதில் ஏற முடியாது. டிக்கெட்டை நிலைய முகப்பிலோ கேடிஎம்பி செயலியிலோ வாங்கலாம். மூத்த குடிமக்கள், மாற்றுத் திறனாளிகள், மாணவர்கள் முகப்பில் மைகார்டு அல்லது உரிய அட்டையைக் காட்டி, சலுகை உண்டா என்று கேளுங்கள். கேட்காமல் முழுப் பணமும் கட்டிவிட்டுப் பிறகு வருத்தப்பட வேண்டாம்.

எங்கே மாறணும்?

ஈப்போ பக்கம் போக வேண்டுமா? பட்டர்வொர்த் வரை போக வேண்டியதில்லை. புக்கிட் மெர்தாஜமில் இறங்கி அடுத்த ரயிலுக்கு மாறலாம். ஜார்ஜ்டவுன் போகிறவர்கள் பட்டர்வொர்த்தில் இறங்கினால், பினாங்கு சென்ட்ரல் வழியாகப் படகுத் துறைக்கு நடந்தே போகலாம். ஹட்யாய் போகிறவர்களுக்கு பாடாங் பெசார் நிலையத்திலேயே இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் முடிந்துவிடும். கடப்பிதழை மறக்காதீர்கள். தாய்லாந்து நேரம் நமக்கு ஒரு மணி பின்னால் என்பதையும் நினைவில் வையுங்கள். அங்கே ரயில் அட்டவணை பார்க்கும்போது பலர் குழம்புவது இதில்தான்.

குறை என்ன?

முதல் குறை, ரயில்களின் எண்ணிக்கை. தலைநகரின் எல்ஆர்டி போல நிமிடக் கணக்கில் வராது. ஒன்றை விட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டும். மருத்துவமனைச் சந்திப்புக்கோ நேர்முகத் தேர்வுக்கோ போகிறீர்கள் என்றால், ஒரு ரயில் முன்னதாகவே கிளம்புவது நல்லது.

இரண்டாவது, நிலையத்துக்கு வந்து சேர்வது. தோட்டத்திலிருந்து நிலையத்துக்கும், இறங்கிய நிலையத்திலிருந்து மருத்துவமனைக்கோ கல்லூரிக்கோ போகவும் வேறு வாகனம் வேண்டும். அலோர் ஸ்டாரில் உள்ள சுல்தானா பஹியா மருத்துவமனை நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இல்லை. செமெலிங்கில் உள்ள எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்துக்கும் இதே கதைதான். போகவர கிராப் காருக்குக் கொடுக்கும் பணம் சில நேரம் ரயில் கட்டணத்தையே மிஞ்சும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து போனால் கையைக் கடிக்காது. டிக்கெட் மலிவு என்று மட்டும் பார்க்காமல், வீட்டு வாசலிலிருந்து போய்ச் சேரும் இடம் வரை ஆகும் மொத்தச் செலவைக் கணக்குப் பாருங்கள்.

பாதுகாப்பு: இதை மட்டும் மறக்காதீங்க

முன்பு தண்டவாளத்தைக் குறுக்கே கடந்து கடைக்கும் பள்ளிக்கும் போவது தோட்டங்களில் வழக்கம். இப்போது இரு பக்கமும் வேலி. கடப்பதற்கு மேம்பாலங்கள் உண்டு. சுற்று அதிகம்தான். ஆனால் வேலியில் ஓட்டை இருந்தாலும் அதன் வழியே போகாதீர்கள். மின்சார ரயில் டீசல் ரயிலைப் போல் சத்தம் போட்டு வராது. இடிஎஸ் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகம் வரை ஓடும்.

மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் உள்ளது. தொட்டால்தான் ஆபத்து என்றில்லை. மிக நெருங்கினாலே பாயும். அதனால் பாதையை ஒட்டிய தோட்டங்களில் செம்பனைக் குலை அறுக்கும் நீண்ட அலுமினியக் கம்பைத் தூக்கும்போது மிகுந்த கவனம் தேவை. பிள்ளைகளையும் அந்தப் பக்கம் பட்டம் விட அனுப்பாதீர்கள்.

ரயில் நேரம் அவ்வப்போது மாறும். பழைய அட்டவணையைப் படம் பிடித்து வைத்திருந்தால் அதை நம்பாதீர்கள். கிளம்பும் முன் செயலியில் ஒரு முறை பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.