கிற்றாரும் பல்லியமும்

ஸ்பானியக் கிற்றார் மெல்லிய குரலுடைய கருவி. ஒரு சிறு மண்டபத்துக்குப் போதுமான ஒலியே அதற்கு உண்டு. அத்தகைய கருவி, வயலின்களும் குழல்களும் எக்காளங்களும் சூழ்ந்த பெரும் பல்லியத்தின் நடுவே அமர்ந்து இசைக்கும்போது, மேலை இசையின் இலக்கணம் அறியாத நம்மவரும் அதனை நின்று கேட்கின்றனர். அதன் கவர்ச்சிக்குக் காரணம் யாது? இவ்வினாவுக்கு விடை காண நாம் ஸ்பெயினுக்குக் கப்பலேற வேண்டுவதில்லை. திருகோணமலைத் துறைமுகத்தின் சீனன்குடாக் கரையிலிருந்தே தொடங்கலாம்.

உட்டுறைமுகத்தின் மேற்குப் பக்கத்தில் அமைந்த சீனன்குடாவை இன்று நாம் அறிவது மூன்று அடையாளங்களால். ஒன்று, 1927 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட திருகோணமலைப் புகையிரதப் பாதையின் நிலையம், மற்றொன்று, விமானத்தளம், பிறிதொன்று, ஆங்கிலேயக் கடற்படை தன் கப்பல்களுக்காகக் காட்டினிடையே நிறுவிய ஏறக்குறைய நூறு எண்ணெய்த் தாங்கிகள். இவையெல்லாம் இருபதாம் நூற்றாண்டின் சின்னங்கள். ஆயின், காற்றுக்கும் அலைக்கும் ஒதுங்க இடந்தரும் இவ்வாழ்ந்த குடாவை விரும்பி வந்த வெளிநாட்டார் வரிசை மிக நீண்டது. அவ்வரிசையில், கிற்றாரின் வரலாற்றோடு தொடர்புடையவர் போர்த்துக்கேயர்.

இங்கே ஒரு வரலாற்று உண்மையை நினைவிற் கொள்ளல் வேண்டும். 1580 ஆம் ஆண்டு தொடக்கம் 1640 ஆம் ஆண்டு வரை போர்த்துக்கல்லுக்குத் தனி மன்னர் இலர். ஸ்பெயின் நாட்டு மன்னரே அந்நாட்டுக்கும் மன்னராயிருந்தார். போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தாந்தீனு த சா 1620களில் திருக்கோணேச்சரத்தைத் தகர்த்து, அக்கோயிற்கற்களைக் கொண்டு கோட்டை எழுப்பிய காலத்தில், அவன் பணிந்த மன்னன் 1621 இல் முடிசூடிய நான்காம் பிலிப்பு ஆவான். ஸ்பெயினில் நான்காமவனாகவும் போர்த்துக்கல்லில் மூன்றாமவனாகவும் எண்ணப்பட்டவன் அவன். கோட்டை வாயிற்கல்லில் இன்றும் காணப்படும் கயற்சின்னமும் தமிழெழுத்துக்களும் அவ்வழிவுக்குச் சான்று பகர்வன.

அம்மன்னனுக்கு மட்ரிட் நகரின் தெற்கே அரன்ஹுவேஸ் என்னும் ஊரில் ஓர் அரண்மனையும் நந்தவனங்களும் இருந்தன. அவன் பாட்டனான இரண்டாம் பிலிப்பு தொடங்கிய அந்நந்தவனங்களைத் தேஜோ ஆறு தழுவிச் செல்கிறது. அதே ஆறு மேற்கே நெடுந்தொலைவு ஓடி லிஸ்பன் நகரிற் கடலோடு கலக்கிறது. கீழைத்தேயங்களுக்குப் புறப்பட்ட போர்த்துக்கேயக் கப்பல்கள் பாய் விரித்தது அவ்வாற்று முகத்திலிருந்தே. அரன்ஹுவேஸ் நந்தவனத்தின் ஊற்றுக்களுக்கும் கோணேச்சர மலையின் இடிபாட்டுக்கும் இடையே ஒரே அரசின் கை நீண்டிருந்தது என்பதை மறத்தல் இயலாது.

போர்த்துக்கேயர் திருகோணமலையில் நெடுநாள் நிலைக்கவில்லை. 1639 இல் ஒல்லாந்தர் கோட்டையைக் கைப்பற்றினர். எனினும், ஈழத்தின் கரையோரமெங்கும் அவர்கள் விட்டுச் சென்ற சில, கோட்டைகளினும் வலியனவாயின. மதமும் மொழியும் ஒருபுறமிருக்க, நரம்புக் கருவிகளோடு ஆடிப்பாடும் வழக்கம் அவற்றுள் ஒன்று. மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் வாழும் பறங்கியர், பாலையூற்றுப் பகுதியினர் உட்பட, இலங்கைப் போர்த்துக்கேய மொழியின் எச்சத்தையும், ‘கபிரிஞ்ஞா’ என்னும் ஆடலிசையையும் தம் திருமண வீடுகளிற் பேணி வந்துள்ளனர். வயலின், கிற்றார், மண்டலின், றபான் ஆகியவை அவ்விசைக்குரிய கருவிகள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹியூ நெவில் என்னும் ஆங்கில அதிகாரி இம்மொழியிலமைந்த பாடல்களைத் திரட்டினார்; 1990 இல் கென்னத் டேவிட் ஜாக்சன் என்னும் அறிஞர் அவற்றை ஆராய்ந்து நூல் வெளியிட்டார். தென்னிலங்கையில் இவ்விசையே பைலாவாக வளர்ந்தது. வொலி பஸ்தியன் அதனைச் சிங்களத்திற் பரப்பினார். 1960களின் பிற்பகுதியில் நித்தி கனகரத்தினம் ‘சின்ன மாமியே’ முதலிய தமிழ்ப் பொப்பிசைப் பாடல்களைக் கிற்றாரோடு பாடியபோது, அக்கருவி ஈழத்தமிழரின் இல்லங்களிலும் உரிமை பெற்றது.

இவ்வாடலிசையின் உயிர் அதன் தாளத்திலுள்ளது. ஆறு சிறு மாத்திரைகளைக் கொண்ட ஒரு வட்டம் அது. அவ்வாறு மாத்திரைகளை மும்மூன்றாக இருமுறை பிரிக்கலாம். இவ்விரண்டாக மும்முறையும் பிரிக்கலாம். இரண்டையும் மாறிமாறிக் காட்டும்போது கேட்பவரின் கால் தானே அசைகிறது. கணக்கில் வல்ல நம் தவில் வித்துவான்களுக்கும் மிருதங்க வித்துவான்களுக்கும் இது புதிதன்று. ஸ்பெயினின் பழைய ஆடல்களிலும் இத்தாளமே பயின்றது. 1674 இல் சரகோசா நகரில் கஸ்பார் சன்ஸ் வெளியிட்ட கிற்றார்ப் பயிற்சி நூலில் ‘கனாரியோஸ்’ என்னும் ஆடல் இவ்வகையினது. அந்நூல் காணிக்கையாக்கப்பட்ட இளவரசர் டொன் ஹுவான், நாம் முன்னர்க் கண்ட நான்காம் பிலிப்பின் மைந்தர்.

இனி, இச்சிறு கருவி பல்லியத்தின் முன் வந்த வரலாற்றைக் காண்போம். 1808 ஆம் ஆண்டிலேயே வியன்னா நகரில் மௌரோ கியூலியானி என்னும் இத்தாலியர், கிற்றாருக்கும் பல்லியத்துக்குமான ‘கொன்சேர்ட்டோ’ ஒன்றை இசைத்தார். கொன்சேர்ட்டோ என்பது ஒரு தனிக்கருவியும் பல்லியமும் உரையாடும் முறையில் அமைந்த உருப்படி. எனினும், கிற்றாரின் ஒலி பெரிய மண்டபங்களுக்குப் போதாமையால் அம்முயற்சி மேலே செல்லவில்லை. பியானோவும் வயலினும் அரங்குகளை ஆண்டன. கிற்றார் மதுச்சாலைகளுக்கும் நாட்டுப்புறத்தாருக்கும் உரியதெனக் கருதப்பட்டது. அந்நிலையை மாற்றியவர் மூவர். அல்மேரியாவைச் சேர்ந்த அந்தோனியோ டொரெஸ் கருவியின் உடலைப் பெரிதாக்கி ஒலியை வளர்த்தார். பிரான்சிஸ்கோ தாரெகா வாசிப்பு முறையைச் செம்மைப்படுத்தினார். அந்திரெஸ் செகோவியா உலகின் பெரிய மண்டபங்களில் தனி ஒருவராக அமர்ந்து வாசித்து, கிற்றாருக்கும் மதிப்பான இடமுண்டு என நிறுவினார். 1940களில் விலங்குக் குடல் நரம்புகளுக்குப் பதிலாக நைலோன் நரம்புகள் வந்ததும் பேருதவியாயிற்று.

களம் இவ்வாறு பண்படுத்தப்பட்ட வேளையில், தாமே கிற்றார் வாசிக்காத ஒருவர் இத்துறையின் தலைசிறந்த உருப்படியை ஆக்கினார் என்பது வியப்பே. ஹோவாகின் ரொட்ரிகோ 1901 இல் சகுந்தோ என்னும் ஊரிற் பிறந்தவர். மூன்று வயதில் தொண்டைக்கரப்பான் நோயினால் கண்பார்வை இழந்தார். பியானோ பயின்று, 1927 இல் பாரிஸ் சென்று போல் டூக்கா என்னும் ஆசானிடம் இசையமைப்புக் கற்றார். விக்தோரியா கம்ஹி என்னும் பியானோக் கலைஞரை மணந்தார். 1936 இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது. தாய்நாடு எரிந்துகொண்டிருக்க, பிறநாட்டில் வறுமையோடு வாழ்ந்த அவர், 1939 இன் தொடக்கத்தில் பாரிஸில் ‘கொன்சியெர்தோ தெ அரன்ஹுவேஸ்’ என்னும் உருப்படியை நிறைவு செய்தார். அவர் புடையெழுத்தில் இசையைப் பொறித்துப் பின்னர்ச் சொல்ல, மற்றொருவர் கேட்டு எழுதுவர். அவ்வாண்டில் அவர்களுடைய முதற்குழந்தை பிறவாமலே இறந்தது. இரண்டாம் பகுதியில் அத்துயரும், அரன்ஹுவேஸில் தாம் கழித்த இன்ப நாட்களின் நினைவும் கலந்துள்ளன என மனைவியார் பிற்காலத்தில் எழுதினார். 1940 ஆம் ஆண்டு நவெம்பர் 9 ஆம் நாள், இரண்டாண்டுகளுக்கு முன் குண்டுவீச்சுக்கு இலக்கான பார்சலோனா நகரில், ரெஹினோ சாயின்ஸ் தெ லா மாசா அதனை முதன்முதல் அரங்கேற்றினார்.

மெல்லிய குரலுடையவரோடு பலர் பேசும்போது எவ்வாறு நடந்துகொள்ளல் வேண்டும் என்பதை ரொட்ரிகோ நன்கு அறிந்திருந்தார். அவர் பல்லியத்திற் பறைவகை ஒன்றேனும் இல்லை. கிற்றார் பேசும்போது பிற கருவிகள் அடங்குகின்றன. ஒரு குழலோ ஒரு வயலின் வரிசையோ மட்டும் மெல்லத் துணை நிற்கிறது. பல்லியம் முழுவதும் முழங்கும் வேளையிற் கிற்றார் காத்திருக்கிறது. முதற்பகுதி கிற்றாரோடு தொடங்குகிறது. நரம்புகளை விரல்களால் ஒருங்கே வாரி எழுப்பும் அவ்வொலியில், மேற்கூறிய ஆறு மாத்திரை வட்டம் மும்மூன்றாகவும் இவ்விரண்டாகவும் மாறிமாறி வருகிறது. பைலாவுக்குக் கால் அசைத்துப் பழகிய செவிக்கு இவ்விடம் அயலானதன்று.

இரண்டாம் பகுதியே உலகின் நெஞ்சைக் கவர்ந்தது. கிற்றார் சுரக்கூட்டுக்களை மெதுவாக மீட்ட, அதன்மேல் ‘கோர் அங்கிலே’ என்னும் குழல் ஒரு நெடிய பண்ணை இசைக்கிறது. அக்குழல் நம் நாகசுவரத்தைப் போன்று இரட்டைச் சீவாளி கொண்டது. ஆனால் குரல் தாழ்ந்தது. அது பாடி முடித்ததும், அதே பண்ணைக் கிற்றார் ஏற்று, சிறு வளைவுகளும் நுணுக்கங்களும் சேர்த்து விடை கூறுகிறது. பின்னர் மீண்டும் குழல், மீண்டும் கிற்றார். பாடகர் ஆலாபனை செய்ய வயலின் அடியொற்றி வரும் நம் கச்சேரி மரபை அறிந்தவருக்கு இவ்வுரையாடலின் பொருள் உடனே விளங்கும். ஸ்பெயினின் தென்பகுதியில், பெரிய வியாழன், வெள்ளி நாட்களில் திருவுருவங்கள் வீதிவலம் வரும்போது ஒருவர் தனித்துப் பாடும் ஒப்பாரி போன்ற பாடலின் சாயல் இதில் உண்டு என்பர். இறுதியில், அதுவரை அடங்கியிருந்த பல்லியம் முழுவதும் அப்பண்ணை ஏற்று ஒலிக்கிறது. ஒருவர் தனித்துத் தாங்கிய துயரை ஊர் கூடித் தாங்குவது போன்ற இவ்விடமே, தனிக்கிற்றார் தர இயலாததும் பல்லியம் மட்டுமே தரவல்லதுமான பேறு.

அரங்கேற்றம் நிகழ்ந்து பதினேழு மாதங்கள் கழிந்தன. 1942 ஆம் ஆண்டு ஏப்பிரில் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கின. அன்றே ‘ஹேர்மிஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் மூழ்கியது. போர் ஓய்ந்தபின், 1947 இல் நர்சிசோ யெபெஸ் மட்ரிட்டில் இவ்வுருப்படியை வாசித்துப் பெரும்புகழ் ஈட்டினார். இசைத்தட்டுக்கள் அதனை எங்கும் பரப்பின. சன்ஸ் எழுதிய பழைய ஆடல்களை எடுத்து ரொட்ரிகோ 1954 இல் அமைத்த மற்றோர் உருப்படியைச் செகோவியா 1958 இல் சான் பிரான்சிஸ்கோவில் அரங்கேற்றினார். 1960 இல் மைல்ஸ் டேவிஸ் என்னும் கறுப்பின எக்காளக் கலைஞர் அரன்ஹுவேஸின் இரண்டாம் பகுதியை ஜாஸ் இசையாக்கி வெளியிட்டார். ஸ்பானிய அரசு 1991 இல் ரொட்ரிகோவுக்கு ‘அரன்ஹுவேஸ் நந்தவனங்களின் பிரபு’ என்னும் பட்டம் அளித்தது. மன்னர் வைத்த நந்தவனத்தின் பெயரை, அதனைக் கண்ணாற் காணாத ஓர் இசைவாணர் தமதாக்கிக்கொண்டார். அவர் 1999 இல் மறைந்தார்.

தமிழுலகில் இவ்வழியின் பயனை நாம் இளையராஜாவின் இசையிற் கேட்கிறோம். பண்ணைப்புரத்திற் பிறந்த அவர், செவ்வியற் கிற்றாரை முறையாகப் பயின்று, இலண்டன் திரித்துவ இசைக்கல்லூரியின் தேர்வில் தங்கப்பதக்கம் பெற்றவர். 1980 இல் வெளிவந்த ‘மூடுபனி’ படத்தின் ‘என் இனிய பொன் நிலாவே’ என்னும் பாடலில், கிற்றார் முன்னே நடக்க வயலின் குழு பின்னே விரிகிறது. அப்பாடலை முணுமுணுப்போர் பலர் ஸ்பானிய இசை எதனையும் கேட்டறியாதவர். ஆயினும் மெல்லிய நரம்பும் விரிந்த பல்லியமும் கூடும் அவ்வழகினுள் அவர்கள் முன்னரே நுழைந்துவிட்டனர்.

இறுதியாக ஒரு கேள்வி எஞ்சுகிறது. கோணேச்சரத்தை இடித்தவர் நாட்டு இசையை நாம் விரும்பலாமா? இதனை விளையாட்டாகக் கேட்பாரும் உளர். மெய்யான வேதனையோடு கேட்பாரும் உளர். வேதனையோடு கேட்பவருக்கு விடையளித்தல் கடன். இடித்தவன் கைக்கருவி இவ்விசையன்று. அவன் கைக்கருவி பீரங்கி. கிற்றார் அந்நாட்டிலும் அரண்மனைக்கு மட்டும் உரியதாய் இருந்ததில்லை. கப்பலோட்டியும் உழவனும் ஏழைப் பாடகனுமே அதனை வளர்த்தனர். அதன் தலைசிறந்த உருப்படியோ, போரினால் நாடிழந்து, கண்ணொளியும் இன்றி, மகவையும் பறிகொடுத்த ஒருவரின் நெஞ்சிலிருந்து பிறந்தது. இழப்பை அறிந்த ஊருக்கு அம்மொழி விளங்குவதில் வியப்பில்லை. பிலிப்பு மன்னனின் ஆட்சி இக்கரையில் இருபதாண்டும் நிலைக்கவில்லை. கோணேச்சரத்தின் பழைய திருவுருவங்கள் 1950 இல் மண்ணிலிருந்து வெளிப்பட்டன. 1963 இல் கோயில் மீண்டும் குடமுழுக்குக் கண்டது. பாலையூற்றுத் திருமண வீட்டிற் கிற்றாரும் ஒலிக்கிறது. கோயில் மணியையும் அந்நரம்பொலியையும் ஒருங்கே கேட்கும் பேறு பெற்ற செவி, இழந்ததை மறவாமலே இசையை ஏற்றுக்கொள்ளக் கற்ற செவியாகும்.