வன்னி வீதிகளும் துவிச்சக்கர வண்டியும்

ஒரு நிலப்பரப்பின் வரலாற்றை அதன் வீதிகளின் வழியாக நோக்கும் மரபு வரலாற்றுலகிற்குப் புதியதன்று. உரோமரின் படைவீதிகளை ஆராயாது மேற்கு ஐரோப்பாவின் வரலாற்றை எழுத முற்படுவோர் இன்று இலர். ஆயின், வன்னிப் பெருநிலப்பரப்பின் வரலாற்றை எழுதியோர் குளங்களையும் கோயில்களையும் வன்னிபங்களின் ஆட்சியையும் நோக்கிய அளவிற்கு, அவற்றை ஒன்றோடொன்று பிணைத்த வழிகளை நோக்கினாரல்லர். அவ்வழிகளிற் சென்றவர் யார், எதன்மீது சென்றனர் என்ற வினாக்கள் சிறியனவாகத் தோன்றலாம். எனினும், கடந்த நூற்றாண்டின் வன்னியைப் பொறுத்தவரை அவ்வினாக்களுக்கு விடை தேடுவோர் துவிச்சக்கர வண்டியைத் தவிர்த்துச் செல்லல் இயலாது.

வன்னி மேடுபள்ளம் குறைந்த நிலம். தென்னிலங்கையின் மலைகள் இங்கில்லை. ஆங்காங்கே எழும் கற்பாறைகளையும் மெல்லிய ஏற்ற இறக்கங்களையும் விட்டால், வவுனியாவிலிருந்து ஆனையிறவு வரை நிலம் வடக்கு நோக்கிச் சிறிது சிறிதாகத் தாழ்ந்து செல்கின்றது. கனகராயன் ஆறும் பிற ஆறுகளும் அச்சரிவைப் பின்பற்றியே ஓடுகின்றன. பிரான்சு நாட்டின் லுவார் ஆற்றுப் பள்ளத்தாக்கில், ஆற்றங்கரை வழியே துவிச்சக்கர வண்டியிற் சென்று ஒரு கோட்டையிலிருந்து மறு கோட்டையை அடையும் பயணம் இன்று உலகறிந்த பொழுதுபோக்காகியுள்ளது. சரிவு குறைந்த நிலமும், ஒரு நாள் மிதிப்பில் எட்டக்கூடிய தூரத்தில் அமைந்த பழஞ்சின்னங்களுமே அப்பயணத்தின் அடிப்படை. இவ்விரண்டும் வன்னிக்கும் உண்டு. ஆயினும், வன்னியில் மிதித்தவன் சின்னங்களைக் காணச் சென்றவனல்லன். நெல்லும் மீனும் விறகும் ஏற்றிச் சென்ற வழியில் அவற்றைக் கடந்து சென்றவன் அவன். இவ்வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது.

வண்டி வருவதற்கு முன்னிருந்த வழிகளின் தன்மையை முதலில் நோக்குதல் வேண்டும். வன்னியின் பெருவழிகள் பெரும்பாலும் வன்னி மக்களுக்கென அமைந்தவையல்ல. வன்னியைக் கடந்து செல்வோருக்காகவோ, வன்னியிலிருந்து எதையேனும் கொண்டுசெல்வோருக்காகவோ அமைந்தவை. ஒல்லாந்தர் காலத்தில் வன்னியர் திறையாக அளித்த யானைகள் காடுகளினூடாக நடத்தப்பட்டு, ஆழமற்ற கடல்நீரேரியைக் கடந்து யாழ்ப்பாணம் சென்றன. ஆனையிறவு என்னும் பெயர் இவ்வழக்கத்தின் எச்சமே. திறை ஒழுங்காக வராதபோது அதே வழியாற் படைகள் வந்தன. 1780களில் ஒல்லாந்தர் வன்னியை நேரடியாக ஆள முற்பட்டு, தோமஸ் நேகல் என்பவரை முல்லைத்தீவில் அமர்த்தினர்.

1803ஆம் ஆண்டு நிகழ்ச்சிகள் இவ்வழிகளின் பயனை மேலும் தெளிவாக்குகின்றன. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்திற் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றினான். பிரித்தானியர் யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் படைகளை அனுப்பினர். ஒக்டோபர் 31ஆந் திகதி கற்சிலைமடுவில் வொன் டிறிபேர்க்கின் படை பண்டாரவன்னியனைத் திடீரெனத் தாக்கி வென்றது. மூன்று திசைகளிலிருந்தும் காட்டினூடே படைகள் நுழையத்தக்க வழிகள் இருந்தன என்பதே இச்செய்தியில் வரலாற்று மாணவன் கவனிக்க வேண்டியது. வென்றவர் நாட்டிய நடுகல்லில் தோற்றவனின் பெயரும் பொறிக்கப்பட்டமை ஒரு விந்தை. பண்டாரவன்னியனின் பெயரைப் பொதுமக்கள் நினைவில் நிறுத்தியதில் அவனது பகைவர் நாட்டிய கல்லுக்கும் பங்குண்டு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நிலைமை பெரிதும் மாறவில்லை. 1905ஆம் ஆண்டு ஜனவரியில் யாழ்ப்பாணக் கச்சேரியிற் பணியேற்கச் சென்ற லெனாட் வூல்ப், அநுராதபுரத்திலிருந்து ஆனையிறவு வரை தபால் வண்டியிற் சென்றதைத் தம் சுயசரிதையில் விவரித்துள்ளார். தபால் வண்டி என்பது உண்மையில் ஒரு மாட்டு வண்டியே. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் கொழும்பு-யாழ்ப்பாணப் புகையிரதம் ஓடத் தொடங்கியது. புகையிரதமும் வன்னியைக் கடந்து சென்ற வழியேயன்றி வன்னிக்குள் சென்ற வழியன்று. வவுனியன் விளாங்குளம் வவுனியாவாகச் சுருங்கியதும், மாங்குளமும் கிளிநொச்சியும் நிலையங்களாக வளர்ந்ததும் உண்மையே. ஆனால் நிலையத்திலிருந்து பத்துக் கல் உள்ளே இருந்த கிராமத்தவனுக்குப் புகையிரதத்தின் ஊதல் ஒலி மட்டுமே கேட்டது.

இவ்விடைவெளியை நிரப்பியதே துவிச்சக்கர வண்டியின் வரலாற்றுப் பணி. இங்கிலாந்தில் 1885இல் ஸ்டார்லி அமைத்த, இரு சில்லுகளும் ஏறத்தாழ ஒரே அளவினதான வண்டியும், 1888இல் டன்லப் உரிமம் பெற்ற காற்றடைத்த இறப்பர் டயரும் சேர்ந்தே இன்றைய வண்டியின் வடிவத்தை நிலைநிறுத்தின. அவ்வடிவம் இலங்கை வந்தபோது முதலில் உத்தியோகத்தரும் ஆசிரியரும் வணிகருமே அதனை வாங்க வல்லவராயிருந்தனர். றலி, ஹம்பர் முதலிய பிரித்தானிய வண்டிகள் வீட்டின் மதிப்பைக் காட்டும் பொருள்களாயின. சீதனப் பேச்சில் இடம்பெற்ற காலமும் உண்டு. பாரமான இரும்புச் சட்டகம், 28 அங்குலச் சில்லு, கம்பித் தடுப்பு, பின்னால் அகன்ற கரியர் என அமைந்த அவ்வண்டி, ஆங்கில நாட்டு உழைப்பாளிக்காக ஆக்கப்பட்டதாயினும், கிறவல் வீதிக்கும் குளக்கட்டுக்கும் அளவெடுத்துச் செய்தது போன்றே இருந்தது.

வன்னியில் அது பரவியமைக்குக் குடியேற்றமே அடிப்படை. இரணைமடுக் குளத்தின் வேலை 1902இல் தொடங்கி 1920களின் தொடக்கத்தில் நிறைவெய்தியது. 1930களின் நடுப்பகுதியிலிருந்து கிளிநொச்சிப் பகுதியிற் குடியேற்றத்திட்டங்கள் உருவாகின. 1940களின் பிற்பகுதியில் டி.டி.ரி. தெளிப்பு மலேரியாவைக் கட்டுப்படுத்திய பின்னரே குடாநாட்டிலிருந்து வந்தோர் நிலைத்துத் தங்கினர். வவுனிக்குளம், பாவற்குளம், முத்தையன்கட்டு முதலியன சுதந்திரத்திற்குப் பின்னர் புதுப்பொலிவு பெற்றன. 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களால் இடம்பெயர்ந்த மலையகத் தமிழரும் வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளில் வந்து குடியேறினர். ஒவ்வொரு திட்டத்திலும் வாய்க்கால் கட்டே வீதியாயிற்று. மாடு இழுக்கும் வண்டியோ பேருந்தோ செல்ல இயலாத அக்கட்டுகளின்மேல் துவிச்சக்கர வண்டி இயல்பாகச் சென்றது. 1970 முதல் 1977 வரையிலான ஆட்சியில் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டமையால் வன்னி விவசாயி கண்ட வருவாய், பல குடும்பங்களுக்கு முதல் வண்டியைத் தேடித்தந்தது. பொருளாதார வரலாற்றாசிரியர் உழவு இயந்திரத்தைக் கணக்கிலெடுத்த அளவிற்கு இதனைக் கணக்கிலெடாதது வியப்புக்குரியது.

பழஞ்சின்னங்களைப் பொறுத்தவரை, வவுனியாவிலிருந்து வடக்கே செல்லும் கண்டி வீதியையும் மாங்குளத்திற் கிழக்கே பிரியும் முல்லைத்தீவு வீதியையும் இணைத்து நோக்குதல் பயனுடையது. ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம் ஆகிய பெயர்களே வழியின் இயல்பைச் சொல்வன. வன்னியில் ஊர் வேறு, குளம் வேறு அன்று. மாங்குளத்திற்கு வடக்கே முறிகண்டிப் பிள்ளையார் கோயிலிற் செல்வோர் எவரும் இறங்கித் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கிய பின்னரே செல்வர். எத்தகைய அவசரமும் இவ்வழக்கத்தை மாற்றியதில்லை. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு வரை ஏறத்தாழ 50 கிலோமீற்றர். பாலையும் வீரையும் முதிரையும் செறிந்த அவ்வழியில், குரக்கன் ஒட்டைச் சுட்டபோது இலிங்கம் வெளிப்பட்டது என்ற ஐதீகத்தையுடைய ஒட்டுசுட்டான் தான்தோன்றீசுவரர் கோயில் அமைந்துள்ளது. கற்சிலைமடுவும் அதனை அடுத்ததே. மேலும் கிழக்கே, நந்திக்கடலின் ஓரத்தில், மதுரையை எரித்த கண்ணகி தங்கிய பத்தாவது இடமாகக் கருதப்படும் வற்றாப்பளை. கடல்நீரில் விளக்கெரிக்கும் வைகாசிப் பொங்கலுக்கு மாட்டு வண்டிகளில் வந்த கூட்டத்தின் பெரும்பகுதி பிற்காலத்தில் துவிச்சக்கர வண்டிகளில் வந்தது. தந்தை மிதிக்க, பாரில் ஒரு பிள்ளையும் கரியரில் தாயும் கைக்குழந்தையும் அமர்ந்து வந்தனர். வெளிச்சமின்றிச் செல்வதும் இருவர் ஏறிச் செல்வதும் தண்டத்திற்குரியன எனச் சட்டம் கூறியது. சட்டம் வன்னியை அறியாதது.

மேற்கே வவுனிக்குளத்தின் கட்டும் அவ்வாறே. நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பாக்கர் 1909இல் வெளியிட்ட நூலில், இலங்கையின் மிகப் பழைய நீர்ப்பாசன வேலைகளுள் ஒன்றாக இக்குளத்தை ஆராய்ந்தார். ஜே. பி. லூயிஸ் 1895இல் எழுதிய வன்னி மாவட்டக் கைந்நூலும் இன்றுவரை ஆய்வாளருக்கு இன்றியமையாதது. எனினும், இருவரும் அதிகாரத்தின் பொருட்டு வன்னியைச் சுற்றியவர்கள். குளக்கட்டின்மேல் நாள்தோறும் பாடசாலை செல்லும் மாணவி கண்ட வன்னி அவர்களது நூல்களில் இடம்பெற வாய்ப்பில்லை.

அம்மாணவியின் காலம் போர்க்காலமாயிற்று. 1990இன் பின்னர் வடபகுதியின் மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையால் பெற்றோலும் மண்ணெண்ணெயும் மின்கலமும் அரும்பொருள்களாயின. மோட்டார் வாகனங்கள் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடின, பெரும்பாலானவை ஓடவேயில்லை. மருத்துவர், ஆசிரியர், வணிகர், அரச உத்தியோகத்தர் யாவரும் ஒரே வாகனத்திற்கு வந்துசேர்ந்தனர். சமத்துவம் வேறெவ்வகையிலும் இவ்வளவு விரைவில் வந்ததில்லை. நோயாளர் கரியரில் மருத்துவமனை சென்றனர். வண்டியைக் கவிழ்த்துவைத்து மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலியை இயக்கி, பீ.பீ.சீ. தமிழோசைச் செய்தியைக் கேட்டனர். ஒருவர் சுற்ற, பலர் கேட்பர். சுற்றுபவர் களைத்தால் செய்தியும் தேய்ந்துவிடும். பெண்கள் வண்டியோட்டுவது குறித்த பழைய தயக்கங்களும் இக்காலத்திலேயே பெருமளவிற்கு ஒழிந்தன. சீர்திருத்தவாதிகளின் பிரசங்கத்தைவிட எரிபொருளின்மை இதிற் கூடுதலாகச் சாதித்தது எனலாம்.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் வெளியேறினர். அவர்களுட் பலர் கிளாலிக் கடல்நீரேரியைப் படகுகளிற் கடந்து வன்னியை அடைந்தபோது, மனிதரோடு வண்டிகளும் கரையேறின. 1996இற் கிளிநொச்சியிலிருந்தும், 1997 மே மாதத்தில் தொடங்கிய ‘ஜயசிக்குறு’ நடவடிக்கையின்போது கண்டி வீதியின் இருமருங்கிலுமிருந்தும் மக்கள் இடம்பெயர்ந்தனர். வீடொன்றின் பொருள்களுள் எது செல்லும், எது நிற்கும் என்பதைக் கரியரின் அகலமே தீர்மானித்தது. கண்டி வீதி போர்முனையானபோது, முன்னர் ஆட்சியாளரின் வரைபடங்களில் முதன்மை பெறாத வாய்க்கால் கட்டுகளும் காட்டுப் பாதைகளுமே வன்னியின் உண்மையான வீதிகளாயின. 2002 ஏப்பிரலில் கண்டி வீதி திறக்கப்பட்டது. 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது.

2009 ஜனவரியில் இராணுவம் கிளிநொச்சியைக் கைப்பற்றியது. மக்கள் பரந்தன்-முல்லைத்தீவு வீதி வழியே தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு எனக் கிழக்கு நோக்கி நகர்ந்தனர். ஒவ்வொரு நகர்விலும் பொருள்கள் குறைந்தன. உழவு இயந்திரத்தின் எண்ணெய் முடிந்தது. பெட்டியில் இருந்தவை துவிச்சக்கர வண்டிக்கு மாறின. இறுதியில் முள்ளிவாய்க்காலின் குறுகிய கடற்கரை மணலில் வண்டியும் உருளவில்லை. மே மாதத்தில் வட்டுவாகல் பாலத்தைக் கடந்து சென்றவர்கள் வெறுங்கையராய்ச் சென்றனர். அவர்கள் விட்டுச்சென்ற ஆயிரக்கணக்கான துவிச்சக்கர வண்டிகள் பின்னர் பெருங்குவியல்களாகக் குவிக்கப்பட்டுக் கிடந்தன. துருப்பிடித்த அக்குவியல்களின் ஒளிப்படங்கள் உலகின் பல பகுதிகளிலும் வெளியாகின.

அக்குவியல்களைப் பழைய இரும்பு என்று மட்டும் கொள்வது வரலாற்றுணர்வின்மையாகும். ஒவ்வொரு சட்டகத்திலும் ஓர் இலக்கம் உண்டு. உள்ளூராட்சி மன்றங்கள் துவிச்சக்கர வண்டிகளுக்கு ஆண்டுதோறும் உரிமம் வழங்கிப் பதிவேட்டில் உரிமையாளரின் பெயரையும் ஊரையும் எழுதிய காலம் ஒன்றிருந்தது. அப்பதிவேடுகளில் எஞ்சியவை எங்கேனும் இருக்குமாயின், எந்தக் குளத்தின்கீழ் எந்த ஆண்டில் எத்தனை குடும்பங்கள் வண்டி வாங்கும் நிலையை எய்தின என்பதை அவற்றைக்கொண்டு அறியலாம். குடிசன மதிப்பீடு தராத செய்தி அது. கல்வெட்டின் ஓரெழுத்துக்காக வாதிடும் ஆய்வுலகம், ஓர் ஊரின் உரிமப் பதிவேட்டைத் தேடிச் செல்வதில் இழிவு காணவேண்டியதில்லை.

போரின் பின்னர் மீளக்குடியேறியோருக்கு உதவி நிறுவனங்கள் வழங்கிய பொருள்களுள் துவிச்சக்கர வண்டியும் ஒன்றாயிருந்தது. 2013 செப்டெம்பரிற் புகையிரதம் மீண்டும் கிளிநொச்சியை அடைந்தது. கண்டி வீதி அகலித்துக் காப்பெற் இடப்பட்டது. மோட்டார்ச் சைக்கிள் பெருகியது. துவிச்சக்கர வண்டி மாணவருக்கும் முதியோருக்கும் உரியதாய் ஒதுங்கியது. 2022ஆம் ஆண்டில் நாடு முழுவதும் எரிபொருள் வரிசைகள் நீண்டு, துவிச்சக்கர வண்டியின் விலை பன்மடங்கு ஏறியபோது, தென்னிலங்கைப் பத்திரிகைகள் வண்டிக்குத் திரும்பியோரைப் புதுமையாக எழுதின. வன்னியிலோ, கூரைத்தாழ்வாரத்தில் தொங்கவிட்டிருந்த வண்டியை இறக்கி, டியூப்பைத் தண்ணீரில் அமிழ்த்தித் துளை பார்த்து, ஒட்டுப்போட்டுக் காற்றடித்துக்கொண்டு, வயலுக்குச் சென்றனர்.