பந்து மலைப்பாம்பு வளர்ப்பு

பந்து மலைப்பாம்பு, செனகல் தொடங்கி உகாண்டா வரை மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் புல்வெளிகளிலும் வயலோரங்களிலும் வாழும் நஞ்சற்ற பாம்பு. வீடுகளில் வளர்க்கப்படும் மலைப்பாம்பு இனங்களில் உலகெங்கும் பெருமளவில் காணப்படுவது இதுதான். அச்சம் கண்டால் கடிக்க வராமல், தலையை நடுவில் புதைத்துக்கொண்டு உடலை இறுக்கிச் சுருட்டி உருண்டையாகிவிடும். பெயரும் அதனால் வந்தது. பிரிட்டனில் இதை அரச மலைப்பாம்பு என்பார்கள். 1802இல் ஜார்ஜ் ஷா இதை அறிவியல் முறையில் விவரித்தார். இன்றைய அறிவியல் பெயர் பைத்தான் ரீஜியஸ். வளர்ந்த பாம்பு பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து அடி நீளம் இருக்கும். பெண், ஆணைவிடப் பெரியது.

பெனின் நாட்டின் உய்தா நகரில் இப்பாம்புக்கெனக் கோயிலே உண்டு. அங்கிருந்து பாம்பு வெளியேறி யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் அதை அடிக்க மாட்டார்கள். பக்குவமாக எடுத்துக் கோயிலில் கொண்டுபோய் விடுவார்கள். அதே பெனினும் அதன் அண்டை நாடான டோகோவும், கானாவும்தான் வளர்ப்புச் சந்தைக்கு இப்பாம்பை ஏராளமாக ஏற்றுமதி செய்தவை. சினையான பெண் பாம்புகளைப் பிடித்து வந்து, முட்டையிட வைத்து, குஞ்சுகளை விற்பது அங்குள்ள பண்ணைகளின் வழக்கம்.

காட்டில் பகல் முழுவதும் கறையான் புற்றுக்குள்ளோ கைவிடப்பட்ட எலி வளைக்குள்ளோ கிடந்து, இரவில்தான் வெளியே வரும். வளர்ப்பவர் முதலில் மனத்தில் நிறுத்த வேண்டியது இந்தப் புற்றைத்தான். புற்றுக்குள் இருட்டு உண்டு, கதகதப்பு உண்டு, ஈரம் உண்டு, உடலை நாலாபுறமும் அணைத்துக்கொள்ளும் நெருக்கமும் உண்டு. வீட்டுத் தொட்டியில் இவற்றுள் ஒன்று குறைந்தாலும் பாம்பு அதை உண்ணாமல் கிடந்து காட்டிவிடும்.

வளர்ந்த பாம்புக்கு நாலடி நீளம், இரண்டடி அகலமுள்ள தொட்டி தேவை. பாம்பின் உடல் தானாக வெப்பத்தை உண்டாக்காது. சூடான இடத்துக்கும் குளிர்ந்த இடத்துக்கும் நகர்ந்துதான் அது தன் உடலைச் சீராக்கிக்கொள்ளும். ஆகவே தொட்டியின் ஒரு முனையில் 31 முதல் 33 டிகிரி செல்சியஸும், மறுமுனையில் 25 டிகிரியை ஒட்டியும் வெப்பம் இருக்க வேண்டும். வெப்பத் தகடோ விளக்கோ எதுவானாலும் தெர்மோஸ்டாட் இல்லாமல் பொருத்தக் கூடாது. சூடு மிகுந்த இடத்தில் அசையாமல் கிடந்தே வயிற்றுத் தோல் வெந்துபோன பாம்புகள் உண்டு. இரு முனைகளிலும் ஒவ்வொரு மறைவிடம் வேண்டும். ஒன்று மட்டும் வைத்தால், பாதுகாப்பா வெப்பமா என்று பாம்பு தேர்ந்தெடுக்க நேர்கிறது. அது பாதுகாப்பையே தேர்ந்தெடுத்து, உண்டது செரிக்காமல் துன்பப்படும். மறைவிடம் விசாலமாக இருந்தால் பயனில்லை. சுருண்ட உடல் சுவரைத் தொடும் அளவே சரி.

காற்றின் ஈரப்பதம் 60 முதல் 75 விழுக்காடு வரை இருக்கலாம். தரையில் பரப்பத் தேங்காய் நார்த்தூள் நல்லது, ஈரத்தைப் பிடித்துவைக்கும். தேவதாரு மரத்தூளின் நெடி பாம்புக்கு ஆகாது. ஈரம் போதாததன் விளைவு சட்டை உரிக்கும்போது தெரியும். கண்கள் நீலம் பூத்து மங்கி, சில நாளில் தெளிந்து, பிறகு மூக்கு முதல் வால்வரை சட்டை ஒரே துண்டாகக் கழல வேண்டும். துண்டு துண்டாகக் கிழிந்தால் ஈரம் குறைவு என்று பொருள். கண்ணின் மேல் பழைய தோல் தங்கிவிட்டால் நகத்தால் பிய்க்கக் கூடாது, கண்ணே போய்விடலாம். ஈரப்பாசி வைத்த பெட்டியில் சில மணி நேரம் விட்டால் பெரும்பாலும் அடுத்த முறை தானே கழன்றுவிடும்.

உணவு எலிதான். பாம்பின் உடலில் பருத்த இடம் எவ்வளவோ, எலியும் அவ்வளவே பருமன் இருக்கலாம். குஞ்சுக்கு வாரம் ஒருமுறை, வளர்ந்ததற்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போதும். உறையவைத்த எலியை முழுவதும் இளகவிட்டு, வெதுவெதுப்பாக்கி, நீண்ட இடுக்கியால் காட்ட வேண்டும். உதட்டு விளிம்பிலுள்ள குழிகளால் இப்பாம்பு வெப்பத்தை உணர்கிறது. ஆறிய எலி அதற்கு இரையாகவே தோன்றாமல் போகலாம். உயிருள்ள எலியை உள்ளே விடுவது எலிக்கும் கொடுமை, பாம்புக்கும் ஆபத்து. பசியில்லாத பாம்பின் முதுகை எலி கடித்துக் குதறிவிடும். உண்டபின் இரண்டு நாள் பாம்பைத் தூக்கக் கூடாது; தூக்கினால் கக்கிவிடும்.

புதிதாக வளர்ப்போரை நிலைகுலைய வைப்பது இப்பாம்பின் பட்டினி. வளர்ந்த பாம்பு, அதிலும் ஆண், இனப்பெருக்கக் காலத்தில் மாதக்கணக்கில் இரை தொடாமல் இருக்கும். எடை குறையாதவரை கலங்க வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை எடை பார்த்து எழுதிவைப்பது, நாள்தோறும் எலியைக் காட்டித் தொந்தரவு செய்வதைவிட நூறு மடங்கு பயன் தரும். ஆனால் வாயைத் திறந்து மூச்சுவிடுதல், மூக்கில் குமிழி, மூச்சில் கரகரப்பு ஆகியவை நுரையீரல் நோயின் அடையாளங்கள். அப்போது ஊர்வனவற்றில் அனுபவமுள்ள கால்நடை மருத்துவரிடம் உடனே போக வேண்டும். செதில்களுக்கிடையே ஊரும் கரும்புள்ளிகள் உண்ணிகள். பாம்பைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுவது கட்டாயம். ஊர்வனவற்றின் உடலில் சால்மோனெல்லா கிருமி இருக்கும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு இவ்வுயிர் பொருந்தாது.

1992இல் அமெரிக்க வளர்ப்பாளர் பாப் கிளார்க் வெளிறிய நிறக் குஞ்சுகளைப் பொரிக்கவைத்ததிலிருந்து, நிறத்துக்காகவே கலப்பு செய்வது பெருந்தொழிலாகிவிட்டது. இதில் ‘ஸ்பைடர்’ என்னும் வகைக்குத் தலை ஆட்டமும் தடுமாற்றமும் பிறவியிலேயே உண்டு. அழகிய கோலத்தைத் தரும் மரபணுவே இக்குறையையும் தருகிறது, உட்காதின் அமைப்பும் பிறழ்ந்திருக்கிறது. நேராக இரையைக் கவ்வ முடியாத ஓர் உயிரை நிறத்துக்காக மீண்டும் மீண்டும் பிறப்பிப்பது தவறு.

வாங்கும்முன் ஆயுளைக் கணக்கிட வேண்டும். நல்ல பராமரிப்பில் 20 முதல் 30 ஆண்டுகள் இயல்பு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக்காட்சிச்சாலைக்கு 1961இல் வந்த பெண் பாம்பு ஒன்று, 60 வயது கடந்தபின், பல ஆண்டுகளாக ஆண் துணையின்றி இருந்தும் 2020இல் ஏழு முட்டை இட்டது.

இந்தியாவில் சட்டம் இரண்டு விதமாகப் பேசுகிறது. நம் காடுகளில் வாழும் இந்திய மலைப்பாம்பு, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதை வீட்டில் வைத்திருப்பது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். பந்து மலைப்பாம்பு வெளிநாட்டு இனம். காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தை முறைப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. 2022இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் செய்த திருத்தத்தின்படி இதை வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும். குஞ்சு பொரித்தாலும், இறந்தாலும், கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். சென்னை விமான நிலையத்தில் பாங்காக்கிலிருந்து வந்த பயணிகளின் பெட்டிகளில் இப்பாம்புகள் பலமுறை பிடிபட்டுள்ளன. துணிப்பைகளில் கட்டி வந்தவற்றுள் வழியிலேயே இறந்தவையும் இருந்தன. விற்பவர் பதிவுச் சான்றைக் காட்டவில்லை என்றால், அந்தப் பாம்பும் அப்படியொரு பெட்டியில் வந்ததாக இருக்கக்கூடும்.