கண்டியின் பாற்கடல்

கடலோரப் பட்டினங்களுக்கு இலங்கைத் தீவிற் குறைவில்லை. நீர்கொழும்பு, காலி, திருகோணமலை, மட்டக்களப்பு என எண்ணிக்கொண்டே போகலாம். பிள்ளைகளையும் முதியோரையும் அழைத்துச் சென்று ஒரு மாலைப் பொழுதை இன்பமாய்க் கழிப்பதற்கு அவை ஏற்ற இடங்கள். ஆனால், கொழும்பிலிருந்து தெருவழியே நூறு கிலோமீற்றருக்கும் அப்பால், மலைகள் அரண் செய்து நிற்கும் கண்டி நகருக்கும் ஒரு கடல் உண்டு என்றால் நேயர்கள் வியப்படையக்கூடும். தலதா மாளிகையின் முன்னே பரந்து கிடக்கும் வாவிக்குச் சிங்கள மொழியில் ‘கிரி முஹுத’ என்று பெயர். கிரி என்பது பால். முஹுத என்பது கடல். திருமால் பள்ளிகொண்ட பாற்கடலின் பெயரையே அந்நீர்நிலை பெற்றிருக்கிறது.

இந்தப் பெயரின் பொருளை உணர வேண்டுமாயின் 1766ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். அதற்கு முந்திய ஆண்டில் ஒல்லாந்தர் படை கண்டி நகருட் புகுந்து சூறையாடிற்று. பின்னர் எழுதப்பட்ட உடன்படிக்கையின்படி கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் தீவின் கரையோரம் முழுவதையும் ஒல்லாந்தருக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தது. உப்பு எடுத்துக்கொள்ளும் உரிமை போன்ற சிறு சலுகைகளே கண்டியர்க்கு எஞ்சின. சொந்தமாக ஒரு துறைமுகமும் இல்லாத, நாற்புறமும் அந்நியர் காவலுக்கு உட்பட்ட அரசாயிற்று கண்டி. கடலை இழந்த அந்த அரசுதான், நாற்பது ஆண்டுகள் கழித்துத் தன் தலைநகரின் நடுவே ஒரு கடலைக் கட்டிக்கொண்டது.

கட்டியவன் கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன். நாயக்கர் மரபினன், இளமையில் கண்ணுசாமி என அழைக்கப்பட்டவன், 1798இல் அரியணை ஏறியவன். இன்று நீர் நிறைந்து நிற்கும் இடம் அன்று வயல்நிலமாக இருந்தது. 1807ஆம் ஆண்டளவில் அவ்வயலுக்குக் குறுக்கே அணை எழுப்பப்பட்டது. அரண்மனையின் எண்கோண மண்டபத்தை அமைத்த தேவேந்திர மூலாச்சாரி என்னும் சிற்பியே இவ்வேலைக்கும் பொறுப்பாளன் என்பர். நீர்ப்பாசனத்துக்காக வெட்டிய குளமன்று இது. உழுது விளைத்த நிலத்தை மூழ்கடித்து, அழகுக்காக ஆக்கிய குளம். ‘இராசகாரியம்’ என்ற ஊழியக் கடமையின்கீழ் குடிமக்கள் கூலியின்றி மண் சுமந்தனர். நெல் விளைவிக்க உதவும் அணைக்கு மண் சுமப்பது வேறு. நெல் விளைந்த வயலை அழிக்கும் அணைக்குச் சுமப்பது வேறு. குடிகளும் தலைவர்களும் முணுமுணுத்தனர். மறுத்தவர்கள் வாவியின் படுகையிலேயே கழுவேற்றப்பட்டனர் என்ற செய்தி வழிவழியாக வழங்கி வருகிறது. மன்னனைக் கொடுங்கோலனாகக் காட்டுவதில் ஆங்கிலேயர்க்கு ஆதாயம் இருந்தது. ஆதலால் அவர்தம் ஏடுகளை அப்படியே நம்பிவிடுதல் தகாது. எனினும், அந்த மண் வேலை மன்னனுக்கும் மக்களுக்கும் இடையிலிருந்த பிளவை அகலச் செய்தது என்பதில் ஐயமில்லை.

1814இல் அமைச்சன் எகலப்பொலை கிளர்ந்தெழுந்து ஆங்கிலேயரிடம் தஞ்சம் புகுந்தபோது, கண்டியில் இருந்த அவன் பிள்ளைகள் தாயின் கண்முன்னே கொல்லப்பட்டனர். தாய் போகம்பரை வாவியில் அமிழ்த்தப்பட்டாள். அந்த வாவி பிற்காலத்தில் தூர்க்கப்பட்டு விளையாட்டுத் திடலாயிற்று. அடுத்த ஆண்டு, 1815 பெப்ரவரியில், ஆங்கிலேயர் படை நகருள் நுழைந்தபோது மன்னனுக்காக வாளெடுத்தவர் மிகச் சிலரே. மார்ச் 2ஆம் நாள் கண்டி உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. 1816 சனவரியில் மன்னன் கொழும்பில் கப்பலேற்றப்பட்டு வேலூருக்கு அனுப்பப்பட்டான்; 1832இல் அங்கேயே காலமானான். வாவியின் நடுவிலுள்ள சிறு தீவை, அரசியர் நீராடிய இடமென்று ஊரார் கூறும் அந்தத் தீவை, ஆங்கிலேயர் வெடிமருந்துக் கிடங்காக்கினர்.

1867இல் புகைவண்டி கண்டியை எட்டியது. அரசர்க்கென அமைந்த நீர்க்கரை அதன் பின்னரே பொதுமக்களின் உலாவிடமாகப் பெருகிற்று எனலாம். நாவலப்பிட்டியிலிருந்தும் கம்பளையிலிருந்தும் மாத்தளையிலிருந்தும் தீபாவளிப் புடவை வாங்க வரும் தோட்டத்துக் குடும்பங்கள், கட்டுக்கலைப் பிள்ளையாரை வணங்கிவிட்டு இக்கரையில் வந்து களைப்பாறுவது வழக்கம். இங்கே அலை இல்லை. பிள்ளைகளை இழுத்துச் செல்லும் நீரோட்டமும் இல்லை. கரையைச் சுற்றிவர மூன்று கிலோமீற்றருக்குச் சற்று மேல். பாதை பெரும்பாலும் சமதரை, வழி நெடுக மரநிழல். பாட்டியும் பேரனும் ஒரே நடையில் சுற்றி வரலாம். கச்சான் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு, நீர்க்காகங்களையும், கரையேறி வெயில் காயும் கபரக்கொய்யாவையும் பார்த்துக்கொண்டிருந்தால் பொழுது போவதே தெரியாது. ஆடி, ஆவணியில் பெரகர நடைபெறும் நாட்களிலோ கரையோரத்தில் நிற்க இடம் கிடைப்பதே அரிது. அவ்விழாவில் நாத, விஷ்ணு, கதிர்காமத் தெய்வங்களோடு பத்தினித் தெய்வமும் உலா வருகிறது. அத்தெய்வம் நம் கண்ணகியே என்பதைத் தமிழ் நேயர்க்கு விளக்க வேண்டியதில்லை.

1988இல் கண்டி உலக மரபுரிமை நகராக ஏற்கப்பட்டது. பெருமை வந்தது; வண்டிகளும் வந்தன. இன்று கரைத்தெருவில் வாகன இரைச்சல் பறவைகளின் ஒலியை விழுங்கிவிடுகிறது. சுற்றியுள்ள குன்றுகளில் எழுந்த வீடுகள், விடுதிகளின் கழிவும், மழையோடு இறங்கும் வண்டல் மண்ணும் வாவியைச் சேர்கின்றன. 1990களின் இறுதியில் நஞ்சுப் பாசி படர்ந்து, பாற்கடல் பச்சை நிறம் கொண்டது. இவ்வாவியின் நீர் ‘மெத எல’ என்னும் வாய்க்கால் வழியே மகாவலி கங்கையில் விழுகிறது. ஆதலால் வாவியின் கேடு வாவியோடு நின்றுவிடுவதில்லை. மன்னன் காலத்தில் மண்ணை அணைக்குச் சுமந்தனர். இப்போது அடியிற் படிந்த மண்ணை அள்ளி வெளியே கொட்ட வேண்டியிருக்கிறது.

கரையோரமாக வளைந்து வளைந்து செல்லும் வெண்சுவர் ஒன்றுண்டு. ‘வலாகுலு பெம்ம’, அதாவது முகிற்சுவர் என்பது அதன் பெயர். முகில் வடிவான அதன் உடலெங்கும் முக்கோணப் பொந்துகள். விழாக் காலங்களில் அகல் விளக்கு ஏற்றி வைப்பதற்கென விடப்பட்டவை. வாவி முழுவதையும் அச்சுவர் சுற்றி வரவில்லை. அரசு வீழ்ந்தபோது வேலை எங்கே நின்றதோ, சுவரும் அங்கே நின்றுவிட்டது.