மணமாகா முன்னோரின் சுவடுகள்

மகாளய அமாவாசையன்று ஆலயத்தில் திதி கொடுப்போர் தந்தை, பாட்டனார், முப்பாட்டனார் எனத் தம் நேர்வழி முன்னோரின் பெயர்களைத் தடையின்றிக் கூறுவர். அடுத்துக் காருண்ய பித்ருக்களின் வரிசையில் பெரியப்பா, சிற்றப்பா ஆகியோரின் பெயர்களைக் குருக்கள் வினவும்போதுதான் பல குடும்பத்தார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கின்றனர். மணம்புரியாமல், மக்கட்பேறின்றி இந்நாட்டில் மறைந்தவரின் பெயரைச் சொல்ல ஒரு பிள்ளை இல்லாமற் போனதே அதற்குக் காரணம்.

அத்தகையோர் ஒருவர் இருவர் அல்லர். சஞ்சிக்கூலிகளாகவும், பின்னர் கங்காணிமார் வழியாகவும் மலாயாவுக்கு வந்தவருள் தனித்த ஆடவரே மிகுதி. 1931ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்போதுகூட இங்கிருந்த இந்தியருள் பெண்களின் எண்ணிக்கை ஆண்களின் எண்ணிக்கையில் பாதியை எட்டவில்லை. தங்கையின் திருமணத்திற்கும், அடகுபோன நிலத்தை மீட்பதற்கும் ஊருக்குப் பணம் அனுப்பியே மணவயதைக் கடந்தவர்களும் உண்டு.

இவர்களுக்குத் திருமணப் பதிவு இல்லை. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் இல்லை. ஆகவே உடன்பிறந்தோர் வீட்டுத் தகரப் பெட்டிகளில்தான் தேடவேண்டும். அவற்றுள் மிகுந்த பயன் தருவது மொய் நோட்டு. மொய் எழுதியவரின் பெயரோடு அவர் இருந்த தோட்டத்தின் பெயரும் அதில் காணப்படும். இரண்டு மூன்று திருமணங்களின் நோட்டுகளை ஆண்டுவாரியாக வைத்துப் பார்த்தால், அவர் எத்தோட்டத்திலிருந்து எத்தோட்டத்திற்கு மாறினார் என்பது புலனாகும். மணியார்டர் துண்டில் அஞ்சல் முத்திரைத் தேதி இருக்கும். 1948இல் தொடங்கிய தேசியப் பதிவில் பெற்ற அடையாளக் கார்டே சிலருக்கு எஞ்சியுள்ள ஒரே புகைப்படம்.

1951ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த ஊழியர் சேமநிதியின் வாரிசு நியமனத் தாள் எங்கேனும் கிடைத்தால் அது பெரும்பேறு. தமையன் மகனையா, தங்கை மகளையா, உடன் தங்கிய நண்பரையா, எவரைத் தம் பிள்ளையாக அவர் கருதினார் என்பதை அந்த ஒரு தாளே கூறிவிடும்.

முனியாண்டி, மாரிமுத்து போன்ற பெயர்கள் ஒரே தோட்டத்தில் பலருக்கு இருந்தன. கிராணிமார் எழுதிய எழுத்துக்கூட்டலும் ஏட்டுக்கு ஏடு மாறும். தந்தையின் பெயர் பொருந்தாதவரை எவரையும் தம் முன்னோரென உறுதிசெய்தல் தகாது.

சிலரது சுவடு 1942, 1943ஆம் ஆண்டுகளோடு அறுந்துவிடுகிறது. சயாம் மரண இரயில்பாதைக்கு ஜப்பானியர் கொண்டுசென்ற பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளருக்குப் பெயர் பொறித்த கல்லறை கிடையாது. "சயாமுக்குப் போனவர் திரும்பவில்லை" என்ற வாய்மொழியே அங்கு ஆவணம். இறந்த திதி அறியப்படாத அவர்களுக்கும் மகாளய அமாவாசை உரியதே.

ஆலயங்களிலும் இவர்களைத் தேட இடமுண்டு. குடும்பச் செலவில்லாத தனியாட்கள் பலர் திருவிழா உபயங்களுக்குத் தாராளமாக வழங்கினர். பழைய ரசீதுப் புத்தகங்களின் அடிக்கட்டைகளிலும், உபயமாக வந்த குத்துவிளக்கின் அடியிலும், மணியின் விளிம்பிலும் தந்தை பெயருடன் அவர்களது பெயர்கள் இன்னும் உள்ளன.